சாதியை எழுதாத ஐந்தொகை

இந்தியா உலக வணிகத்துக்குத் தலைமை தாங்கப் போகிறது என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறார்கள். நான்காவது பொருளாதாரம், அடுத்து மூன்றாவது, 2047இல் வல்லரசு. தனிநபர் வருமானத்தில் உலகில் நூறு நாடுகளுக்கும் பின்னால் நிற்கிறோம் என்பதை அதே குரலில் சொல்வதில்லை. இப்படிப் பேசுகிறவர்களை ஒருமுறை அரியக்குடித் தெருக்களில் நடந்துவிட்டு வரச் சொல்லவேண்டும்.

காரைக்குடியை ஒட்டிய ஊர். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், தெருவுக்குத் தெரு நீளும் வளவு வீடுகள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இவை ஏற்கெனவே உலக வணிகம் பார்த்தவர்களின் வீடுகள்.

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று பரவியிருந்தன. தலைநகர் போல இருந்தது இரங்கூன். அங்கே முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி வட்டி விகிதத்தை முடிவு செய்தார்கள். கீழ்ப்பர்மாவின் சதுப்பு நிலம் வயலானதும், பர்மா உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடானதும் பெருமளவு இந்தக் கடனில்தான். பர்மாவில் இருந்த செட்டியார் முதலை 1930 வாக்கில் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு சுமார் 65 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 65 கோடி! ஒரு வறண்ட வட்டாரத்தின் வணிகர்கள் கடல் கடந்து ஒரு நாட்டின் விவசாயத்தையே நடத்தினார்கள்.

இப்போது அதே காலத்தின் இன்னொரு ஆவணத்தைப் பாருங்கள். அன்று இந்த வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்தின் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டி கிராப் வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வெயிலுக்குக் குடையோ காலுக்குச் செருப்போ கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகளைப் படிக்க வைக்கக்கூடாது, மாடு மேய்க்கவே அனுப்பவேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே காலம், ஒரே மாவட்டம். ஒரு பக்கம் 65 கோடி, மறுபக்கம் செருப்புக்குத் தடை.

இந்தத் தடைகளைப் போட்டவர்கள் நகரத்தார் அல்லர். உண்மைதான். நம் கேள்வி வேறு. கடல் தாண்டிப் போன இவ்வளவு பணம் ஏன் சொந்த ஊரின் தெருவைத் தாண்டவில்லை? பதில் அந்த வணிகம் நடந்த முறையிலேயே இருக்கிறது. கடைக்கு எடுபிடியாகப் போகும் பையன் கணக்கு கற்று, அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, ஒருநாள் சொந்தக் கடையும் வைக்கலாம். அருமையான ஏணி. ஆனால் அந்தப் பையன் அதே சாதியில் பிறந்திருக்க வேண்டும். நம்பிக்கை, நாணயம், கைமாற்று எல்லாம் சாதிக்குள்ளேயே சுற்றின. அதே கப்பல்களில் கூலியாகப் போனவர்களுக்கு ஏணியின் முதல் படிகூடக் கிடையாது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தச் செல்வமும் நிலைக்கவில்லை. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 விழுக்காடானது. பர்மிய உழவருக்கு அது நிலப்பறிப்பு. இந்தியர் எதிர்ப்பு மூண்டது. 1942இல் ஜப்பான் படை வந்தபோது பேரேடுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவர நேர்ந்தது. விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. ஊரில் மிஞ்சியவை பெரிய வீடுகளும் திருப்பணி முடிந்த கோயில்களும்தான்.

'அழகப்பர் கல்லூரி கட்டவில்லையா? மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தரவில்லையா?' என்று கேட்பார்கள். தந்தார், அது பெரிய கொடை. அங்கே படித்து மேலேறிய முதல் தலைமுறைப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் கொடை கொடுப்பவரின் மனசு, பங்கு நம் உரிமை. ஒரு சமூகம் நல்ல மனிதர்களை நம்பிக் காத்திருக்க முடியாது.

அந்த ஏணி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இந்தியாவின் முதல் 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, உறுப்பினர்களில் சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர் என்றது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்தே 3.5 விழுக்காடு. வட்டிக்கடை கார்ப்பரேட் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சரக்கு ஏற்றுமதியும் ஆகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போடவேண்டி வந்தது. கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு ஆளுநர் நிராகரித்தார்.

இங்கே நம் சிவகங்கை மாவட்டத்தில்? தேவகோட்டைப் பக்கம் கண்டதேவித் தேர், வடம் பிடிக்கத் தலித்துகளுக்கு உரிமை உண்டா என்ற தகராறில் பல ஆண்டுகள் நின்றுகிடந்து, 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடுதான் நகர்ந்தது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை வட்டாரத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றது குடும்பம். அன்று செருப்பு, இன்று புல்லட்.

உலகப் போருக்குப் பின் எழுந்த ஜப்பானும் தென்கொரியாவும் தைவானும் முதலில் செய்த வேலைகளில் ஒன்று நிலச் சீர்திருத்தம். உழுதவனுக்கு நிலம் போனது, அவன் பிள்ளை பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் போனான். நாமோ சேரியைச் சேரியாகவே வைத்துக்கொண்டு சந்தையைப் பிடிக்கப் போகிறோமாம்.

எனவே தோழர்களே, வல்லரசுக் கனவை யாராவது விற்க வந்தால் கணக்கைக் கேளுங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு எங்கே? பிணை கேட்காமல் தலித் தொழில்முனைவோருக்கு வங்கிக் கடன் எங்கே? ஒவ்வொரு பெருநிறுவனமும் தன் ஊழியர், இயக்குநர்களின் சாதிவாரிக் கணக்கை வெளியிட ஏன் தயங்குகிறது? செட்டிநாட்டில் ஐந்தொகை போடுகிறவர்கள் வரவையும் பற்றையும் காலணா பிசகாமல் எழுதுவார்கள். இந்தியாவின் ஐந்தொகையில் சாதி என்ற பற்று இன்னும் எழுதப்படவே இல்லை. அதை எழுதாமல் காட்டும் லாபம் பொய்க்கணக்கு.