பெயர்ப்பதிவில் இல்லாதவர்களும் சங்கத்துக்கு வேண்டும்



சம்பளத்துக்காகப் போராட நமக்குத் தெரியும். வேலைக்கு இறங்காமல் பிரட்டுக்களத்தில் உட்காரவும் தெரியும். ஆனால் கூரைக்காகவும் காணிக்காகவும் இன்றுவரை விண்ணப்பம்தான் எழுதுகிறோம். தேர்தல் காலத்தில் வருகிறவர்களிடம் அதை நீட்டுகிறோம். இது மாற வேண்டும்.

கண்டி மாவட்டத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1824இல் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டது. 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் நம் முன்னோர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில், பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிர் விட்டார். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் தோட்டங்கள் கைமாறியபோது, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி வீதிகளில் நம்மவர்கள் பிச்சை எடுத்தார்கள், பட்டினியால் செத்தார்கள். வேலையோடு லயமும் சேர்ந்து போனதால்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் எங்கும் மண் சரிந்தது. இடிந்தது நாம் பிறந்து வளர்ந்த வீடு. காகிதத்திலோ அது தோட்டத்தின் கட்டடம். காணி உறுதி இல்லாதவர் இழப்பைக் கூட நிரூபிக்க அலைய வேண்டும்.

வீடு யாரும் போடும் பிச்சை அல்ல, மனித உரிமை. 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. அதே 1948இல்தான் இந்த நாட்டின் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. பொருளாதார, சமூக உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980இல் ஏற்றது. ஆனால் நமது அரசியலமைப்பில் போதிய உணவு, உடை, வீடு என்பவை 27ஆம் உறுப்புரையில் வழிகாட்டும் கோட்பாடுகளாக மட்டுமே உள்ளன. அவற்றைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஆகவே நம் கையில் மிஞ்சுவது அமைப்பு பலம் ஒன்றுதான்.

அந்த பலத்தை நாமே பாதியாக்கி வைத்திருக்கிறோம். தோட்டத்தில் பெயர் பதிந்து சந்தா கட்டுபவரே அங்கத்தவர் என்கிறோம். ஒரு லயத்தை எண்ணிப் பாருங்கள். பென்ஷனும் இல்லாமல் ஓய்ந்த பாட்டி, கண்டி டவுனில் கடை வேலைக்குப் போகும் தம்பி, கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் அக்கா, கொழும்பிலிருந்து திரும்பி வந்த பிள்ளை. எல்லாருக்கும் ஒழுகுவது ஒரே தகரம். ஆனால் சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் 2005இல் குடிசைவாசிகள் தாங்களே ஓர் இயக்கம் கட்டினார்கள். அதன் பெயர் அபாஹ்லாலி பாசேம்ஜொண்டோலோ. தொழில் என்ன என்று அது கேட்கவில்லை. குடிசையில் இருக்கிறாயா என்றே கேட்டது. குடிசைகளை அகற்ற வழிசெய்த மாகாணச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் வழக்காடி, 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றார்கள். அந்த நாட்டு அரசியலமைப்பில் வீட்டுரிமை இருக்கிறது. நம்முடையதில் இல்லை என்பதால் நமக்குக் கூட்டம் இன்னும் பெரிதாக வேண்டும்.

"முதலில் சம்பளம், பிறகு வீடு" என்று மூத்த தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் குடியிருக்கும் கூரை தோட்டத்தின் கையில் இருக்கும்வரை, சம்பளத்துக்காக எழும் குரலும் அடக்கமாகத்தான் எழும். காணி உறுதி கையில் உள்ளவர் நிமிர்ந்து பேரம் பேசுவார்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

ஒவ்வொரு லயத்திலும் ஒரு குடியிருப்போர் குழு. அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பெயர்ப்பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாரும் அங்கத்தவர்.

ஒரு கொப்பியில் லயத்தின் கணக்கு: எத்தனை குடும்பம், எத்தனை தலைமுறை, எந்தக் காம்பரா ஒழுகுகிறது, எந்தச் சரிவு வெடித்திருக்கிறது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம்: நம் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணிக்கு அளந்த நிலம் எவ்வளவு, கொடுத்த உறுதி எத்தனை? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானித்தாக வேண்டும். கேட்பது தமிழிலேயே இருக்கட்டும்.

தோட்டங்களுக்குப் பிரதேச சபை செலவழிக்க இருந்த தடை 2018இல் நீக்கப்பட்டது. பாதைக்கும் குடிநீருக்கும் இனித் தோட்டக் கந்தோரை மட்டும் நம்பி நிற்கத் தேவையில்லை. சபைக் கூட்ட நாளில் நாமும் போய் நிற்போம்.

கம்பளை பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயம் நம் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக நிற்கிறது. லயம் இருக்க வேண்டிய இடம் அதுதான். நம் பிள்ளைகள் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. வரும் மாதச் சந்தாக் கூட்டத்துக்கு, சந்தா கட்டாத பக்கத்துக் காம்பராக்காரரையும் அழைத்து வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.