சொல்லும் பொருளும்: நீர்மேல் மின்சாரம்

ஏரியிலும் அணைத் தேக்கத்திலும் தெப்பங்களை மிதக்கவிட்டு, அவற்றின்மேல் சூரியத் தகடுகளைப் பரப்பி மின்சாரம் எடுக்கும் முறை நம் தேசத்தில் பரவி வருகிறது. அதைப் பற்றிய செய்திகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போகிறோமே தவிர, அளந்து பார்ப்பதில்லை. நீர்நிலை ஊருக்குப் பொதுவானது. அதன்மேல் வந்து மிதக்கும் சொற்களின் பொருள் ஊராருக்குத் தெரிய வேண்டாமா?

முதற் சொல், 'மெகாவாட்'. தெலுங்கானாவில் ராமகுண்டம் அனல் மின்நிலையத்தின் நீர்த்தேக்கத்தில், தேசிய அனல் மின் கழகம் நிறுவிய மிதக்கும் நிலையம் 2022 ஜூலையில் முழு அளவில் இயங்கத் தொடங்கிற்று. திறன் 100 மெகாவாட். 500 ஏக்கர் நீர்ப்பரப்பில் 40 பகுதிகள்; பகுதி ஒன்றுக்கு 11,200 தகடுகள். நூறு மெகாவாட் என்றதும் இரவும் பகலும் அவ்வளவும் பெருகுவதாக எண்ணிவிடலாகாது. அப்படிப் பெருகினால் நாளொன்றுக்கு 24 லட்சம் யூனிட் கிடைக்க வேண்டும். இரவு, மேகம், காலை மாலைச் சாய்வெயில் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், நம் நாட்டுச் சூரிய நிலையங்களில் வருஷ சராசரியாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கையில் நிற்கும். இந்தப் பங்குக்குத் 'திறன் பயன்பாட்டு விகிதம்' என்று பெயர். தலைப்பில் பெரிய எழுத்தில் வருவது மெகாவாட். வீட்டில் விளக்கெரிப்பது யூனிட்.

மெகாவாட்டிலும் இரு வகை உண்டு. தகடுகள் தரும் நேர் மின்சாரத்தின் உச்ச அளவு ஒன்று. அதை மாற்று மின்சாரமாக்கிக் கம்பிக்கு அனுப்பும் அளவு மற்றொன்று. மேற்கு ஜாவாவின் சிராட்டா நீர்த்தேக்கத்தில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட நிலையத்தை 192 மெகாவாட் என்பாரும் உளர். 145 என்பாரும் உளர். இரண்டும் மெய்யே. ஆனால் ஒரு நிலையத்துக்கு முதற் கணக்கையும் வேறொன்றுக்கு இரண்டாம் கணக்கையும் எடுத்து ஒப்பிடுவது, ஒருவன் நெல்லைப் படியாலும் மற்றவன் நெல்லை மரக்காலாலும் அளந்து, எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது போலாகும்.

அடுத்தது 'குளிர்ச்சி'. தகட்டின் திறனை 25 டிகிரி உஷ்ணத்தில் வைத்து மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். நீரின்மேல் தகடு சற்றுக் குளிர்ந்திருப்பதால் இந்த நஷ்டம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் தகட்டின் அடியில் காற்றுப் புக வழியிருக்க வேண்டும். மிதவையோடு இடைவெளியின்றி ஒட்டிவைத்த தகட்டுக்கு ஏரிக் காற்றால் என்ன பிரயோஜனம்?

இனி, நம்மவர் காதுக்கு மிகவும் இனிக்கும் சொல்: 'ஆவியாதல் தடுப்பு'. ராமகுண்டத்தில் ஆண்டுக்கு 32.5 லட்சம் கன மீட்டர் நீர் மிச்சமாகும் என்று அறிவித்தார்கள். மாணவர்களுக்குச் சொல்வதுபோல், வகுத்துப் பார்ப்போம். 500 ஏக்கர் என்பது சுமார் 20 லட்சம் சதுர மீட்டர். ஆக, மிச்சம் 1.6 மீட்டர் ஆழம். ஓர் ஆள் உயரம்! தக்காணத்து வெயிலில் திறந்த ஏரியிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீரே ஏறக்குறைய இந்த அளவை ஒட்டியதுதான். தெப்பங்களுக்கிடையே சந்துகள் உண்டு. அவற்றின் வழியே ஆவி போகத்தான் செய்யும். ஆகையால் இதை உச்ச வரம்பாகக் கொள்வதே விவேகம். நீர் மிச்சமாவது நிச்சயம். எவ்வளவு என்பதில்தான் எச்சரிக்கை தேவை.

'நங்கூரம்' என்ற சொல்லைச் செய்திகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நிலையத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ராமகுண்டத்தில் தேக்கத்தின் அடியில் கனத்த பாரக்கட்டைகளை இறக்கி, உறுதியான கயிறுகளால் மிதவைகளைப் பிணைத்திருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும். அதற்கேற்பக் கயிறு இடம் கொடுக்கவும் வேண்டும், புயலில் பிடி விடாமலும் இருக்க வேண்டும். ஜப்பானில் சீபா மாகாணத்து யாமகுரா அணையில் 13.7 மெகாவாட் நிலையம் ஒன்று இருந்தது. 2019 செப்டம்பரில் அடித்த புயலில் தெப்பங்கள் பிய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து குவிந்தன, தீயும் பற்றிக்கொண்டது. தண்ணீர் நடுவில் தீயா என்று வியக்க வேண்டாம். வெயில் உள்ளவரை, உடைந்து குவிந்த தகடும் மின்சாரம் செய்துகொண்டுதான் இருக்கும்.

கடைசிச் சொல், 'பாதிப்புக் குறைந்தது'. விளைநிலத்தைத் தொடவில்லை என்பதே இதன் பொருள். அது பெரிய நன்மைதான். எனினும், யாருக்குக் குறைந்த பாதிப்பு என்று கேட்க வேண்டும். அனல் நிலையத்தின் சொந்தத் தேக்கம் வேறு, மக்கள் வலை வீசும் அணை வேறு. நர்மதையின் ஓங்காரேசுவரர் அணைத் தேக்கத்தில் மிதக்கும் நிலையம் வந்தபோது, அங்கே மீன்பிடித்து வந்தவர்கள் தங்கள் பிழைப்புப் போகிறதென்று ஆட்சேபித்தார்கள். வரைபடத்தில் வெற்று நீராகத் தெரிந்த இடம் அவர்களுக்கு வயல். ஆதலால் இச்சொல்லோடு 'மூடும் பரப்பு' என்ற இன்னொரு சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தோனேசியாவில் நீர்த்தேக்கத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் மூடலாகாது என்று 2020-இல் வரம்பிட்டார்கள். 2023-இல் அதை 20 சதவீதமாக உயர்த்தினார்கள். நம் பக்கத்து ஏரிக்கு ஒரு திட்டம் வந்தால் நேயர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது மெகாவாட்டை அல்ல. இந்தச் சதவீதத்தையும், படகு போகும் வழி எங்கே விடப்பட்டிருக்கிறது என்பதையுமே.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களின் சொற்களை அடுத்த வாரம் பார்ப்போம்.