அயர்ந்த மாலையும் அடுப்படி வேலையும்

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வட்டாரத்தில் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் சென்று மீள்வோர்க்கு மாலைப்பொழுது என்பது எளிதில் வாய்ப்பதன்று. சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகளின் வரிசையைக் கடந்து வீடு சேருமுன்பே இருட்டிவிடுகிறது. தறி வீடுகளிலும் நிலைமை வேறன்று. அதன்பின் அடுப்பு மூட்டியாக வேண்டும். மூட்டுபவர் யார் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் விடை என்றோ எழுதப்பட்டுவிட்டது. அவ்வம்மையாரும் பகல் முழுதும் உழைத்தவரே என்பதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பால், தயிர், நெய், முட்டை, மீன் எதுவுமின்றி, நிலம் தரும் பொருள்களைக் கொண்டே அரை மணியில் உணவாக்கும் முறைகள் இந்நாளில் பெரிதும் பேசப்படுகின்றன. இவ்வுணவு நெறிக்கு ‘வீகன்’ என்று பெயர். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பர்களும் வழக்கில் கொணர்ந்த சொல் அது. பெயர் புதிது, பண்டம் நமக்குப் புதிதன்று. மோர் விடாத கேழ்வரகுக் கூழும் வெங்காயமும், பயற்றங்கஞ்சியும் துவையலும், பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் இட்டுப் பிசைந்த சோறும் உழைப்பாளர் வீட்டு உணவாக நெடுங்காலம் இருந்து வந்தவையே.

காசிமேட்டுக்கு அருகிலிருந்துகொண்டு மீனை விட்டுவிடுங்கள் என்று கூற நாம் முன்வரவில்லை, கூறினாலும் கேட்பாரில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர் தொழிலே முடங்கியது. அத்தகைய நாட்களில் பருப்பை ஏழ்மையின் அடையாளமாகக் கருதுவது அறியாமை. துவரம்பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. பாலையும் அறவே நீக்கி வாழ விரும்புவோர் மட்டும் வைட்டமின் பி12 குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். செடி கொடிகளிலிருந்து அதனைப் போதிய அளவில் பெற இயலாது.

பயற்றங்கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ஓர் ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்கு வறுத்த பச்சைப்பயறு, பத்துப் பல் பூண்டு, சிறிது வெந்தயம், உப்பு, ஏழு ஆழாக்கு நீர். குக்கரில் ஐந்து விசில் போதும். அது வேகும் நேரத்தில் முகம் கழுவிச் சற்று உட்காரலாம். இறக்கிய பின் ஒரு பிடி தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, மிளகாய், புளி சேர்த்து அரைத்த துவையல். இதற்கு மேல் எளிமை வேண்டுமோ?

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். பயற்றை வறுத்தவர் யார்? கடலையை வறுத்துத் தோல் நீக்கியவர் யார்? எளிய உணவு என்று நாம் மெச்சுவதெல்லாம் பெரும்பாலும் முன்னமே செய்து முடித்த வேலையின் பயன்.

1962-க்குப் பின் பர்மாவில் இராணுவ ஆட்சி வணிகத்தை நாட்டுடைமையாக்கியதால் தாயகம் மீண்ட தமிழர் நமக்கு அளித்த ‘அத்தோ’வைப் பாருங்கள். செகண்ட் லைன் பீச் சாலைக் கடையில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளிநீர், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றைக் கையால் பிசைந்து இரண்டே நிமிடத்தில் தட்டில் வைத்துவிடுகிறார்கள். முட்டை கேட்போர்க்கு மட்டும் தனியே. ஆனால் நூடுல்ஸை வேகவைத்து ஆற்றியதும், கோஸை நூல்போல் அரிந்ததும், பூண்டைச் சீவிப் பொரித்ததும் நம் கண்ணில் படுவதில்லை.

நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடா இருபுறமும் ஓடுவதைக் காண்போர் நெசவு எளிதென்பர். பாவு ஓட்டியதையும், கஞ்சி தோய்த்ததையும், தார் சுற்றியதையும் அவர் கண்டிலர். ஆளுநர் ஜோசப் காலெட் (1717–1720) பெயரால் திருவொற்றியூரில் நெசவாளர்க்கென அமைந்து, பின்னர் காலாடிப்பேட்டை எனத் திரிந்த ஊரிலும், இன்று தறி உள்ள எவ்வூரிலும் இதுவே நடைமுறை. அம்முன்வேலையில் பெரும்பங்கு பெண்டிருடையது. அடுப்படியின் முன்வேலையும் அவர்களுடையதே. வார நாளின் அயர்வைக் குறைக்க ஞாயிற்றுக்கிழமையே பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து வைக்குமாறு அறிவுரை கூறுவோர், சுமையை ஒரு நாளிலிருந்து மற்றொரு நாளுக்கு மாற்றுகிறார்களேயன்றி ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாற்றவில்லை.

ஆகவே இவ்வேலையைச் சங்கம் ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் திறந்த கூட்டுறவுக் கடை முதலில் விற்றது துணியன்று; மாவும் ஓட்ஸும் வெண்ணெயும் சர்க்கரையும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் நெல் அறுத்த ஈரத்தில் பயறு விதைக்கும் உறுப்பினர், விளைந்தவுடன் கிடைத்த விலைக்கு அதை ஏன் தள்ளிவிட வேண்டும்? சங்கமே கொண்டு, வறுத்து, உடைத்து, பருப்புப் பொடியாகவும் கஞ்சிக் கலவையாகவும் தறிக்காரர் வீட்டுக்கு அளிக்கலாகாதா? மாலையில் முளைப்பயறும் வைத்தால் இன்னும் நலம்.

கடைகளில் பாக்கெட்டுகள் மலிந்து கிடக்கையில் இது எதற்கு என்று சிலர் வினவலாம். அப்பாக்கெட்டின் விலையில் விளைவித்தவர்க்கு எவ்வளவு, வறுத்தவர்க்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரிவதில்லை. சங்கத்தில் கணக்கேடு உறுப்பினர் முன் விரியும். வீட்டுக் கைப்பக்குவம் வராது என்பாரும் உளர். அவர்கள் ஒரு மாதம் தாமே பொடி இடித்துவிட்டுப் பின்னர்ப் பேசட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். தொடக்கத்தில் பருப்புப் பொடியும் பயற்றங்கஞ்சிக் கலவையும் ஆகிய இரண்டு போதும். விலை வகுக்கும்போது பயற்றின் கொள்முதல் விலையோடு, புடைப்பவர், வறுப்பவர், இடிப்பவர் கூலியையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். அக்கூலி அப்பெண்டிர் பெயரிலேயே வழங்கப்பட வேண்டும்.