நீலக் குளிசையும் பவுடர் டப்பாவும்

போன முறை எழுதியதை வாசித்துவிட்டு ஒரு அம்மா கேட்டிருந்தா. மகனுக்குப் பதினைந்து வயது, கால்பந்து வெரைனில் விளையாடுகிறான், இப்ப ஜிம்முக்கும் போகத் தொடங்கிவிட்டான். மாதாமாதம் பெரிய டப்பாவில் பவுடர் பார்சலாக வருகுது. "இதுவும் ஊக்கமருந்துதானோ?" என்பது அவவுடைய கேள்வி.

பதில் சொல்லுறன். அதுக்கு முதல் இந்த நாட்டுக் கதை ஒன்று சொல்லவேணும்.

எண்பதுகளில் இங்கே வந்த எங்கட ஆட்களில் கனபேருக்கு கிழக்கு ஜேர்மனி என்றால் ஷோனஃபெல்ட் விமான நிலையம்தான். அங்கே இறங்கி, ரெயின் ஏறி, மேற்கு பெர்லினுக்கு வந்து அகதி என்று பதிந்தோம். நாங்கள் கடந்துவந்த அந்த நாட்டின் விளையாட்டுப் பாடசாலைகளில் அதே வருடங்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நீலக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சொக்லேட்டோடு கொடுத்த இடங்களும் உண்டு. "விற்றமின்" என்று சொன்னார்கள். அதன் உண்மையான பெயர் ஓரல் டுரினபோல். ஆண் ஹோர்மோனைப் போல உடம்பில் வேலை செய்கிற மருந்து. ஜேனா நகரத்து ஜேனாஃபார்ம் என்ற அரசு நிறுவனம் அதைத் தயாரித்தது.

இது ஏதோ ஒரு கெட்ட பயிற்சியாளரின் வேலை இல்லை. 1974 இல் ஆளும் கட்சியின் மேலிடமே அனுமதித்த இரகசியத் திட்டம் அது. இலக்கம் 14.25. டொக்டர்மார், விஞ்ஞானிகள், உளவுத்துறை என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். எவ்வளவு கொடுத்தது, எத்தனை மீற்றர் கூடினது என்று கணக்கும் எழுதி வைத்தார்கள். ஏறக்குறைய பத்தாயிரம் விளையாட்டு வீரர்களுக்கு இது கொடுக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஒன்றேமுக்கால் கோடிப் பேர்கூட இல்லாத நாடு 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 40 தங்கம் எடுத்து அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளியது. பெண்கள் நீச்சலில் 13 போட்டிகளில் 11 தங்கம் அவர்களுக்கு. உலகம் கைதட்டியது.

பிள்ளைகளின் குரல் தடித்தது. உடம்பில் ரோமம் வளர்ந்தது. பிறகு ஈரல், இருதயம், கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகப் பழுதானது. தாய் தகப்பனிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளை அரசாங்க விடுதியில் தங்கிப் படிக்குது, நாட்டுக்காக விளையாடுது என்ற பெருமையில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் நெஞ்சை அடைக்கிற இடம் இதுதான். நாங்களும் அப்படித்தானே, பிள்ளையைப் பயிற்சிக்கு இறக்கிவிட்டு, பெருமையோடு கார் பார்க்கில் இருந்து போனைப் பார்க்கிறோம்.

ஹைடி கிரீகர் என்ற பெண் பிள்ளை பதினாலு வயதில் கிழக்கு பெர்லினில் விளையாட்டுப் பாடசாலையில் சேர்ந்தார். பதினாறு வயதில் நீலக் குளிசை தொடங்கியது. 1986 இல் ஸ்ருட்கார்ட்டில் குண்டு எறிதலில் 21.10 மீற்றர் எறிந்து ஐரோப்பிய சம்பியன் ஆனார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அவருடைய உடம்புக்குள் கிட்டத்தட்ட 2600 மில்லிகிராம் ஸ்டீரொய்ட் போயிருந்ததாகப் பிறகு கிடைத்த ஆவணங்கள் சொல்லின. 1988 ஒலிம்பிக்கில் பிடிபட்ட கனடாவின் பென் ஜோன்சன் எடுத்ததை விடவும் அது அதிகம். 1997 இல் ஹைடி சத்திரசிகிச்சை செய்து அன்ட்ரியாஸ் கிரீகர் ஆனார். சின்ன வயதிலிருந்தே தன் உடலைப் பற்றி அவருக்குக் குழப்பம் இருந்தது. ஆணாக வாழ்வதில் அவருக்கு வருத்தம் இல்லை. தான் யார் என்பதைத் தானே கண்டுபிடித்து முடிவெடுக்கிற வாய்ப்பை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய குறை.

"அப்ப பரிசோதனை ஒன்றும் இருக்கேல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. ட்ரெஸ்டனுக்குப் பக்கத்தில் கிரைஷா என்ற ஊரில் நல்ல ஆய்வுகூடமே வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகமுதல் ஒவ்வொருவரின் சிறுநீரையும் அங்கே பார்ப்பார்கள். மருந்து இன்னும் தெரிந்தால் "காயம்", "சுகமில்லை" என்று சொல்லி வீட்டில் நிற்பாட்டிவிடுவார்கள். கள்ளனைப் பிடிக்கிற கருவியே கள்ளனுக்குக் காவல். இன்றைக்கும் கிரைஷாவில் ஆய்வுகூடம் இருக்கு. ஜேர்மனியில் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இரண்டில் அது ஒன்று, மற்றது கேல்னில்.

சுவர் விழுந்த பிறகு ஹைடல்பேர்க்கைச் சேர்ந்த வேர்னர் ஃபிராங்க என்ற உயிரியல் விஞ்ஞானியும், அவருடைய மனைவியும் முன்னாள் தட்டு எறிதல் வீராங்கனையுமான பிரிகிற்றே பெரென்டொங்கும் இந்தக் கோப்புகளைத் தேடிப் பிடித்தார்கள். பாட் சாரோவில் இருந்த இராணுவ மருத்துவக் கழகத்தில் நிறைய அகப்பட்டது. 1991 இல் புத்தகமாக வந்தது. வழக்கு 2000 இல் பெர்லினில் நடந்தது. நாட்டின் விளையாட்டுத் தலைவராக இருந்த மன்ஃபிரட் ஏவால்டுக்கு 22 மாதம், டொக்டர் மன்ஃபிரட் ஹொப்னருக்கு 18 மாதம். இரண்டுமே ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாளும் சிறைக்குள் இருக்கவில்லை. சாட்சி சொல்ல வந்த இடத்தில் அன்ட்ரியாஸ், தன்னைப் போலவே மருந்து கொடுக்கப்பட்ட நீச்சல் வீராங்கனை உற்ற கிரௌசவைச் சந்தித்துப் பிறகு கலியாணம் கட்டினார். அந்த வழக்கில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

மேற்கு சுத்தம் என்று நினைக்கவேண்டாம். 1987 இல் மைன்ஸில் பிர்கிட் ட்ரெசல் என்ற 26 வயது தடகள வீராங்கனை துடிதுடித்துச் செத்தார். நூற்றுக்கு மேற்பட்ட மருந்துகள் அவருடைய உடம்பில் போயிருந்தன.

இப்ப எங்கட பக்கம் வருவோம். திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் என்ற கிராமத்துப் பெண் கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டி, 800 மீற்றர், 2 நிமிடம் 2.70 செக்கனில் தங்கம். அந்த வீடியோவை நாங்கள் எல்லாருமே வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அடுத்த மாதமே நன்ட்ரொலோன் என்ற ஸ்டீரொய்ட் அகப்பட்டதாகச் செய்தி வந்தது. தான் தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று சொன்னார். இரண்டாவது மாதிரியிலும் அதே முடிவு. பதக்கம் போனது, 4 வருடத் தடை. அந்த வீடியோவை அனுப்பினவர்கள் இதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. இன்றைய விதிப்படி உன் உடம்பில் இருந்தால் நீதான் பொறுப்பு, எப்படி வந்தது என்று நீயே நிரூபிக்கவேணும். விதி அப்படி இல்லாவிட்டால் எல்லாரும் "தெரியாது" என்றுதான் சொல்வார்கள், அதுவும் விளங்குது. ஆனால் ஒரு பக்கம் ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நாலு வருடம், செய்தியில் அவருடைய பெயரும் படமும் மட்டும். மறுபக்கம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உடம்பைக் கெடுத்த திட்டத்தை நடத்தியவருக்கு ஒத்திவைத்த 22 மாதம். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜேர்மனியின் சட்டம் இப்ப கொஞ்சம் மாறிவிட்டது. 2015 டிசம்பரில் வந்த ஊக்கமருந்து தடுப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இந்த மருந்தைக் கொடுப்பவருக்கு ஒரு வருடத்தில் இருந்து பத்து வருடம் வரை சிறை. வெறும் எழுத்தும் இல்லை. வீரர்களின் இரத்தத்தை எடுத்து வைத்துத் திருப்பி ஏற்றிய ஏர்ஃபுர்ட் டொக்டர் மார்க் ஷ்மிட்டுக்கு 2021 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் 4 வருடமும் 10 மாதமும் கொடுத்தது.

சரி அம்மா, பவுடருக்கு வருவோம். புரதப் பவுடர் தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை. கிரியற்றினும் இல்லை. பிரச்சினை, டப்பாவில் எழுதாமல் உள்ளே கிடக்கிறதுதான். கேல்ன் விளையாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் 2000, 2001 காலத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துணவுப் பொருட்களைப் பரிசோதித்தபோது 94 இல், லேபிளில் சொல்லாத ஸ்டீரொய்ட் வகைகள் இருந்தன. ஏழில் ஒன்று. கணக்குப் பழையது, ஆனாலும் தெரியாத தளத்தில் மலிவாக வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் பொருந்தும். "கேல்னர் லிஸ்ட" என்று ஒரு பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கு, பரிசோதித்த பொருட்களின் பெயர்கள் அதில் வரும். அதில் இருந்தால் நூறு வீதம் பயமில்லை என்று அர்த்தம் இல்லை, பயம் குறைவு என்று அர்த்தம். ஊரில இருந்து வரும் லேகியத்தை அந்தப் பட்டியலில் தேடவேண்டாம். அதில் என்ன இருக்கு என்று செய்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

மகன் ஊர் வெரைனில் விளையாடுகிறவன் என்றால் அவனிடம் சிறுநீர் கேட்டு ஒருவரும் வரப்போவதில்லை. அங்கே கவலை பதக்கம் இல்லை, அவனுடைய ஈரல். கொஞ்சம் மேலே போய், மாநில அல்லது தேசிய காடரில் சேர்ந்துவிட்டால் கதை வேறு. மூக்கடைப்புக்கு எடுக்கிற சில குளிசைகள்கூட போட்டி நாளில் சிக்கலாகலாம், பொன் நகரத்தில் இருக்கும் நாடா நிறுவனத்தின் மருந்துத் தேடலில் முதலில் பார்த்துவிட்டுக் கொடுங்கோ. பரிசோதனைக்குக் கூப்பிட்டால், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். பயிற்சியாளர் போகட்டும் என்று விடாமல் நீங்களே போங்கோ. பயிற்சியாளர் ஏதாவது குடிக்கவோ விழுங்கவோ கொடுத்தால் "வாஸ் இஸ்ட் டா டிரின்?" என்று கேட்க உங்கட டொச் போதும். பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கோ. எழுதித் தர யோசித்தால், அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கோ.