கேட்கிறவன் குற்றம்

"குழந்தை சாட்சியா? கிளிப்பிள்ளை ஐயா அது! சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்" என்றார் வக்கீல் நண்பர் ஒருவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே. அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

கிளியைப் பழிக்கிறீர்களே, சொல்லிக் கொடுத்தவனை என்ன செய்வதாக உத்தேசம்?

1983-ல் கலிபோர்னியாவில், மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில், மக்மார்ட்டின் பாலர் பள்ளியின் மீது பயங்கரமான புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை விசாரித்தார்கள். "மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்" என்றார்கள். சொன்ன குழந்தை சமர்த்து; மறுத்த குழந்தைக்கு அதே கேள்வி மறுபடியும். 1990-ல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அந்த விசாரணை முறையை டெக்ஸாஸ் ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். ஒரு மனிதர் வந்து குழந்தைகளுக்குக் கதை சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்யாததையெல்லாம் செய்தாரா என்று 3 முதல் 6 வயதுக் குழந்தைகளைக் கேட்டார்கள். வெறுமனே தூண்டிக் கேட்டபோது பொய்யான 'ஆமாம்' 100-க்கு 17. புகழ்ச்சியும் நிர்ப்பந்தமும் சேர்ந்தபோது 58!

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு நாள் என் பேனா காணவில்லை. ஆறு வயது மகளைக் கூப்பிட்டு, "பாத்திரம் தேய்க்கிற அம்மா எடுத்ததைப் பார்த்தாயா?" என்றேன். "இல்லை." மறுபடியும் கேட்டேன். மூன்றாம் தடவை, "ஆமாம்ப்பா" என்றாள். மாலையில் பேனா என் ஜிப்பாப் பையில் கிடைத்தது. அதற்குள் அந்த அம்மாள் அழுதுகொண்டே போய்விட்டாள், பிறகு வரவேயில்லை. "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்டேன். "நீதானேப்பா சொன்னே" என்றாள் குழந்தை.

அதற்காகக் குழந்தையின் வாயைப் பூட்டிவிடலாமா? மெய்யாகவே கொடுமைக்கு ஆளான குழந்தை பிறகு எங்கே போகும்? "என்ன நடந்தது? முதலிலிருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டு, காது கொடுத்துச் சும்மா இருக்க நமக்குத் தெரியவேண்டும்.

உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்த குழந்தைகள் பொய் சொல்வது குறைகிறது என்று கனடாவில் 2002-ல் கண்டார்கள். உண்மைக்கும் பொய்க்கும் அர்த்தம் சொல்லத் தெரிவதற்கும், உண்மை பேசுவதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் கண்டார்கள். 2006 முதல் அங்கே 14 வயதுக்கு உட்பட்டவர்கள் வாக்குக் கொடுத்தால் போதும். வாக்கு என்றால் என்னவென்று பரீட்சை வைக்கக் கூடாது.

வக்கீல் ஐயா, சத்தியத்துக்கு அர்த்தம் தெரிந்த பெரியவர்கள் கூண்டிலேறிச் சொல்லும் பொய்களைத் தினமும் கேட்கிறவர் நீங்கள். குழந்தையையா சந்தேகிக்கிறீர்கள்?