மண்ணைத் தோண்டுவோர் மறையின் பகைவரா?

அயர்லாந்து நாட்டின் மேற்கே, கால்வே மாவட்டத்தில், டூவம் என்றொரு சிற்றூர் உண்டு. 2025 ஜூலை 14ஆம் நாள் அங்கே ஓர் அகழாய்வு தொடங்கியது. தேடப்படுவது பொன்னும் மணியும் அல்ல, குழந்தைகளின் எலும்புகள். 1925 முதல் 1961 வரை அவ்வூரில் பான் செக்கூர் சபைக் கன்னியர் நடத்திவந்த தாய்சேய் இல்லத்தில் இறந்துபோன குழந்தைகள் அவர்கள். (1824இல் பாரிஸ் நகரில் தோன்றிய சபை இது. நம் நாட்டில் ஏறத்தாழ இதே பெயரில் விளங்கும் சபை வேறு என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்வார்களாக.)

இச்செய்தியைக் கேட்ட கத்தோலிக்கரிடையே மூன்று குரல்கள் எழுகின்றன. "தொல்லியலாளர் விசுவாசமற்றவர்கள், திருச்சபையைச் சிறுமைப்படுத்தவே தோண்டுகிறார்கள்" என்பது முதற்குரல். "இறந்தோரின் அமைதியைக் குலைப்பது பாவம்" என்பது இரண்டாவது. "நடந்தது நடந்துவிட்டது, பழையதைக் கிளறிப் பயன் என்ன?" என்பது மூன்றாவது. இம்மூன்றும் கிறிஸ்தவ மனத்தில் எழத்தகாத குரல்கள் என்பதே நமது கருத்து. அயர்லாந்து நமக்கு அந்நிய மண்ணும் அன்று. 1842இல் பிரசென்டேஷன் சபைக் கன்னியர் அங்கிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்து நம் பெண்மக்களுக்கு எழுத்தறிவித்தனர். அந்நாட்டுத் திருச்சபையின் புகழில் பங்கு கொண்ட நாம் அதன் வேதனையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாகாது.

முதலில், நாம் பழிக்கும் இம்மனிதர் யார் எனப் பார்ப்போம். அயர்லாந்தில் நினைத்தவர் நினைத்த இடத்தில் தோண்டிவிட முடியாது. 1930ஆம் ஆண்டின் தேசிய நினைவுச்சின்னச் சட்டம் தொடங்கி, அகழாய்வுக்கு அரசின் உரிமம் கட்டாயமாக இருந்துவருகிறது. அவ்வுரிமம் நிறுவனத்துக்குத் தரப்படவில்லை. பொறுப்பேற்கும் தனி மனிதருக்கே, அவரது தகுதியைச் சோதித்த பின்னர் தரப்பட்டது. பணி முடிந்ததும் கண்டதைக் கண்டபடி அறிக்கையாக எழுதி ஒப்படைப்பது அவர் கடமை. ஏனெனில் ஒருமுறை பெயர்த்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. ஆகவே கரணையால் விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி, ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, வரைந்து, எண்ணிட்டு, படம்பிடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவார்கள்.

இதற்கு அவர்கள் பெறும் கூலியோ பெரிதன்று. மழையிலும் சேற்றிலும் முழந்தாளிட்டுச் செய்யும் வேலை. ஓரிடத்துப் பணி முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. நெடுஞ்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிய காலத்தில், 2007இல், ஏறத்தாழ 1,700 பேர் அந்நாட்டில் இத்தொழிலில் இருந்தனர். 2008இல் பொருளாதாரம் சரிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் வேலையிழந்தனர். பலர் நாட்டைவிட்டே வெளியேறினர். சாலை போடுகிறவரே சாலைக்கு முந்திய அகழாய்வுக்கும் பணம் தருவதால் அவர்களது நடுநிலை வளைந்துவிடாதா என்ற கேள்வி எழுந்ததும் உண்மை. பழைய அரசர்களின் டாரா குன்றை ஒட்டிய பள்ளத்தாக்கினூடே போடப்பட்டு 2010இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையைக் குறித்து அவர்களுக்குள்ளேயே கடும் வாக்குவாதம் நிகழ்ந்தது. தன் குறையைத் தானே வெளிப்படையாக விவாதிக்கும் ஒரு தொழிற்குழாத்தைச் சதிகாரர் கூட்டம் என்பது அறியாமையே ஆகும்.

இனி முதற்குரலுக்கு வருவோம். தொல்லியல் விசுவாசத்துக்குப் பகையா? 2006 ஜூலையில் டிப்பரரி மாவட்டத்து ஃபாடன் மோர் சதுப்பு நிலத்தில் மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிய ஒருவரின் கண்ணில் தோல் ஏடுகளாலான பழைய நூல் ஒன்று பட்டது. அது காய்ந்து கெட்டுவிடாதபடி ஈரமண்ணாலேயே மூடிவைக்கப்பட்டு, செய்தி அனுப்பப்பட்டது. தேசிய அருங்காட்சியகத்தார் விரைந்து வந்து அதைக் காத்தனர். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட திருப்பாடல் நூல் அது! ஏடுகளைப் பிரித்து உலர்த்திச் செம்மைப்படுத்தப் பல ஆண்டுகள் பிடித்தன. அதன் தோலுறையின் உட்புறத்தில் பாப்பிரஸ் என்னும் நாணற்புல் தாள் காணப்பட்டது. அயர்லாந்தின் சதுப்புக்கும் கிழக்கத்திய கிறிஸ்தவ உலகுக்கும் இருந்த தொடர்பை அது எண்ணிப்பார்க்க வைத்தது. அன்று நாம் பெருமிதம் கொண்டோம். யாரும் சதி என்று சொல்லவில்லை.

மற்றுமொன்று. 1970களில் டப்ளின் நகரின் வுட் கீ என்னுமிடத்தில் நகராட்சி தன் அலுவலகங்களைக் கட்ட முற்பட்டபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வைக்கிங்கர் நகரம் மண்ணடியில் வெளிப்பட்டது. அதைக் காக்க எழுந்த மக்கள் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் எஃப்.எக்ஸ். மார்ட்டின், அகுஸ்தீன் சபைக் குரு, பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். அவர் நீதிமன்றம் சென்றார்; 1978இல் அவ்விடம் தேசிய நினைவுச்சின்னமென்ற தீர்ப்பைப் பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலமாகச் சென்றனர். 1979 ஜூனில் போராட்டக்காரர்கள் அகழ்விடத்திலேயே அமர்ந்து மறியல் செய்தனர். இறுதியில் அலுவலகங்கள் எழுந்தன. ஆயினும் 1981 வரை அகழாய்வாளர் காத்து எடுத்தவை நகரின் வரலாற்றையே மாற்றி எழுதின. துறவி ஒருவர் தொல்லியலாளரோடு தோளோடு தோள் நின்ற மண் அது.

உரோமைக்கே செல்வோமே. 1940களில் புனித பேதுரு பேராலயத்துப் பீடத்தின் அடியில் அகழ்ந்து பார்க்க இசைவளித்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். தன் தலைமைப் பீடத்தின் அடிமண்ணையே ஆய்வாளரின் கரணைக்கு ஒப்புவித்த திருச்சபை, டூவம் ஊரின் மண்ணைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

இரண்டாவது குரல், இறந்தோரின் அமைதியைப் பற்றியது. எந்த அமைதி? அவ்வூரில் வாழும் கேத்தரின் கார்லஸ் என்னும் அம்மையார், அரசுப் பதிவேடுகளிலிருந்து அவ்வில்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றுகளைத் திரட்டினார். அவர்களுக்கு அடக்கப் பதிவு ஏதுமில்லை. விசாரணைக் குழு நடத்திய சோதனை அகழாய்வின் முடிவு 2017 மார்ச் 3ஆம் நாள் வெளியாயிற்று. மண்ணுக்கடியில் 20 அறைகளாகப் பகுக்கப்பட்ட கட்டுமானம். அவற்றுள் குறைந்தது 17இல் மனித எலும்புகள். கருவில் 35 வாரமே நிறைந்த சிசு முதல் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைவரை! கல்லறைத் திருநாளன்று நம் பிள்ளைகளின் சமாதிக்குச் சுண்ணாம்படித்துப் பூமாலை சாத்தி மெழுகுதிரி ஏற்றுகிறோமே, அதற்கு அமைதி என்று பெயர். சிலுவையில்லை, பெயரில்லை, செபமில்லை. இதற்கும் அமைதி என்று பெயரா? இது வெறும் மௌனம். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூக்குரலிட்டதாக மறைநூல் கூறுகிறது. அக்குரலைக் கேட்டவர் இறைவன். கேளாதவன் போல் நடித்தவன் காயீன். நாம் எவர் பக்கம்?

இதே நாட்டில் 'கில்லீன்' எனப்படும் இடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்களுக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டதால், பெற்றோர் அவர்களை இரவில் எடுத்துச் சென்று பாழடைந்த கோயிலடியிலும் வயல் ஓரத்திலும் புதைத்தார்கள். அங்கு அகழ்ந்த தொல்லியலாளர் கண்டது என்ன? சிசுவின் அருகே வெண்கற்கள். சில இடங்களில் சிறு சவப்பெட்டிகள். சட்டம் கைவிட்ட குழந்தையைத் தாய் தந்தையின் அன்பு கைவிடவில்லை என்பதற்கு அக்கற்களே சாட்சி. அத்தகைய குழந்தைகளின் மீட்பில் நம்பிக்கை கொள்ள உறுதியான காரணங்கள் உண்டு என்று உரோமையின் அனைத்துலக இறையியல் ஆணையம் 2007இல் எழுதியது. இறையியல் ஏட்டில் எழுதியதை, எழுத்தறியாத அப்பெற்றோர் முன்னரே வெண்கற்களால் எழுதிவைத்திருந்தனர். அதை நமக்குப் படித்துக்காட்டியவர் தொல்லியலாளரே.

மூன்றாவது குரல், பயன் என்ன என்பது. 2022இல் அயர்லாந்து இதற்கெனவே தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி எலும்புகளைக் கையால் பிரித்தெடுத்து, ஆய்வு செய்து, உறவினர் தரும் மரபணுக் கூறுகளோடு ஒப்பிட்டு, முடிந்தவரை ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரைத் திருப்பித் தந்து, மதிப்போடு அடக்கம் செய்வதே நோக்கம். உடன்பிறந்தவரைத் தேடும் முதியோர் இன்றும் உயிரோடு காத்திருக்கிறார்கள். சரீர சம்பந்தமான இரக்கச் செயல்கள் ஏழு என்று மறைக்கல்வியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏழாவது எது? இறந்தோரை அடக்கம் செய்வது. அதற்காகவே தன் உடைமையையும் உயிரையும் பணயம் வைத்தவரன்றோ நீதிமான் தோபித்து? டூவம் ஊரில் கரணை ஏந்தி முழந்தாளிட்டிருப்பவர் விசுவாசியோ அல்லவோ நாமறியோம்; அவர் செய்வது தோபித்தின் பணி.

திருச்சபையின் நற்பெயரில் அக்கறை உள்ளோர்க்கும் ஒன்று சொல்வோம். 2014இல் உலகச் செய்தித்தாள்கள் சில, 796 உடல்களும் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் எறியப்பட்டன என்று எழுதின. ஆனால் அகழ்ந்தவர்கள் அவ்வாறு சொல்லவில்லை. கட்டுமானம் கழிவுநீர் தொடர்பானதாகத் தோன்றுகிறது என்றும், அது அவ்வாறு பயன்பட்டதா என்பது தீர்மானிக்கப்படவில்லை என்றும், கண்ட அளவோடு நிறுத்தினார்கள். மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பேசும் சாட்சி வேறெங்கே கிடைக்கும்? அக்குற்றத்தில் அரசுக்கும், அக்காலச் சமுதாயத்துக்கும், திருமணமாகாத தாயைக் கதவடைத்து அனுப்பிய குடும்பங்களுக்கும் பங்குண்டு. 2021 ஜனவரியில் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அச்சபைக் கன்னியரும் மன்னிப்புக் கேட்டனர். அவர்களே பணிந்து ஏற்ற உண்மையை நாம் இங்கிருந்து மறுப்பது பக்தியாகாது.

அருங்காட்சியகத்துத் திருப்பாடல் நூலைப் போற்றி, குழந்தையின் எலும்பைப் பொய்யென்று தூற்ற நமக்கு உரிமையில்லை. இரண்டும் ஒரே மண்ணிலிருந்து, ஒரே நேர்மையால் வெளிவந்தவை. உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் மக்கள் நாம். எந்த எலும்பும் நமக்குக் குப்பையன்று. ஆகவே, வரும் கல்லறைத் திருநாளில் நம் பங்குகளில் ஏற்றப்படும் மெழுகுதிரிகளுள் ஒன்று அந்த 796 குழந்தைகளுக்காக எரியட்டும். அவர்களை மண்ணிலிருந்து எடுத்து மனிதராக அடக்கம் செய்ய உழைக்கும் கைகளுக்காகவும் ஒரு செபம் சொல்லப்படட்டும்.