யாருடைய புட்டி?

பொதுக் கிணற்றில் நீர் இறைக்க ஊரே வரும். தூர் வார ஒருவரும் வரார். பல மாணவர் கூடிப் பணியாற்றும் ஆய்வுக்கூடத்தின் அமில அலமாரியும் அத்தகையதே. வேண்டியபோது எடுக்கிறோம், மீதியை ஏதோ ஒரு புட்டியில் ஊற்றி வைக்கிறோம், பட்டம் பெற்றதும் புறப்பட்டு விடுகிறோம். புட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது யாருடையது? உள்ளே இருப்பது என்ன? விடை சொல்ல ஆளில்லை.

அமிலம் கொடியது என்பதை அறிவியல் மாணவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றலாகாது என்று பள்ளியிலேயே நெட்டுருப் போட்டவர்கள் நாம். ஆனால் அந்தப் பாடம் பயன்பட வேண்டுமானால், கையிலிருப்பது அமிலம் என்று முதலில் தெரிய வேண்டாமா? பெயரில்லாத புட்டியின் முன் படித்தவனும் பாமரனும் ஒன்றே.

பெயரும் முழுப் பெயராக இருத்தல் வேண்டும். 'அமிலங்கள்' என்று ஒரு தட்டுக்குப் பெயரிட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிடும் வழக்கம் உண்டு. நீரற்ற அசெட்டிக் அமிலம் தீப்பற்றும் பொருள். ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு பொறி பட்டாலே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அந்த வெப்பம் இந்த வடநாட்டுக் கோடையில் நமக்குப் புதிதன்று. நைட்ரிக் அமிலமோ எரியும் பொருளுக்கு மேலும் ஊட்டம் தருவது. குலப்பெயர் ஒன்று என்பதற்காக இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது, பகைவர் இருவரை ஓர் அறையில் பூட்டி வைப்பது போலாகும். நைட்ரிக் அமிலக் கழிவு உள்ள புட்டியில் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ ஊற்றி இறுக மூடினால், உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடித்துவிடும். 'கழிவு' என்று மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்து, அடுத்து வருபவர் எதை நம்பி எதை ஊற்றுவார்?

இன்னும் ஒன்று. நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் பார்வைக்குத் தண்ணீர். தோலில் பட்டவுடன் வலி தெரியாமலே போகலாம். சில மணி நேரம் கழித்து வலிக்கத் தொடங்கும்போது அது ஆழ இறங்கியிருக்கும். பட்ட இடத்தை உடனே நீரால் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவி, மருத்துவரிடம் ஓட வேண்டும். பட்டது இன்னதென்று அறிந்தவன்தானே ஓடுவான்? ஆகவே முதலுதவி என்பது மருந்துப் பெட்டியில் தொடங்குவதன்று. புட்டியின் பெயர்ச்சீட்டில் தொடங்குகிறது.

இந்தப் புட்டிகளை இறுதியில் கையால் தொடுபவர் யார்? சென்ற குளிர்காலத்தில் எனக்குப் பழக்கமான ஓர் ஆய்வுக்கூடத்தில் அலமாரியை ஒழித்தார்கள். புகை பட்டு எழுத்து அழிந்த புட்டிகள் ஆறு வெளிவந்தன. அங்கே நெடுநாள் பணிபுரியும் முதிய ஊழியர் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துப் பிரித்து வைக்கலானார். "வேண்டாம், சாச்சா" என்று தடுத்தேன். "வேறு எப்படித் தெரிந்துகொள்வது, பேட்டா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் தவறில்லை. அவருடைய மூக்கைச் சோதனைக் கருவியாக்கியது படித்தவர்களின் சோம்பல்.

சீட்டு இருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். அவர் படிப்பது இந்தி. இவ்வூருக்கு வந்த புதிதில் பேருந்தின் பலகையைப் படிக்க முடியாமல் விழித்து நின்றவர் நம் சங்கத்தில் எத்தனை பேர்! எழுத்துத் தெரியாத ஊரில் வாழ்வதன் துன்பம் நமக்குத் தெரியாததா? நாம் தவறவிட்டது ஒரு பேருந்து. அவர் தவறினால் போவது கண்.

அமிலமன்று எனினும் இதே பாடத்தைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2010ஆம் ஆண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் போயிற்று. அதனுள் இருந்த கோபால்ட்-60 மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் பலரைத் தாக்கியது; ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கருவியை வைத்திருந்தவர்கள் கற்றவர்கள். மாண்டவர் அதன் பெயரையே அறியாதவர்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. லட்சுமி என்பவர் தொடுத்த அமில வீச்சு வழக்கில், 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் சில கட்டளைகள் இட்டது. அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பாக வேண்டும். ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறுவோரைச் சோதிக்க வேண்டும் என்றது. நன்று. ஆனால் பொறுப்பாளர் ஒருவரை நியமித்துவிட்டால் மற்றவர் பொறுப்பு நீங்கிவிடுமா? பதிவேட்டில் ஏறாமல் மீதியை ஊற்றி வைக்கும் கை நம்முடையதன்றோ?

"பணமில்லை, வசதியில்லை" என்பாரும் உளர். அமிலத்துக்கெனத் தனி அலமாரி வாங்கப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஒரு சீட்டு எழுத என்ன செலவு? பொருளின் பெயர், அதன் செறிவு, ஊற்றிய தேதி, ஊற்றியவர் பெயர் ஆகியவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். கையின்மேல் அமிலம் சொட்டும் படக்குறி உலகெங்கும் வழங்குகிறது. எந்த மொழியும் படிக்காதவருக்கும் அது விளங்கும். அதையும் ஒட்டுவோம்.

நூலகத்தில் பாக்கியில்லை என்ற சான்று கொடுத்துத்தானே பட்டம் பெறுகிறோம்? அமில அலமாரியிலும் பாக்கியில்லை என்று ஒரு சான்று கேட்கும்படி துறைத் தலைவர்களிடம் நம் சங்கம் விண்ணப்பிக்கட்டும். போகியன்று வீட்டிலுள்ள பழம்பொருளை அகற்றுவது நம் வழக்கம். இவ்வாண்டு அறிவியல் மாணவர் அனைவரும் அந்நாளில் தத்தம் அலமாரியைப் பார்வையிடுவோம். பெயரறியாப் புட்டியைத் திறக்க வேண்டாம். கழுவுதொட்டியில் கொட்டவும் வேண்டாம். தனியே ஒதுக்கிப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்போம்.

நண்பர்களே, புட்டியின்மேல் நம் பெயரை எழுதக் கூச்சம் எதற்கு? நாளை ஆய்வேட்டின் முகப்பில் பெருமையோடு எழுதப்போவதும் அதே பெயர்தானே!